காப்பி அடித்த உளவு அறிக்கை

பிட் அடிக்கும் மாணவன்கூடப் பிழைகளைத் திருத்தித்தான் எழுதுவான். பிரிட்டன் அரசு அதையும் செய்யவில்லை! 2003 பிப்ரவரியில் ஈராக் பற்றி அது வெளியிட்ட அறிக்கையின் பெரும்பகுதி, சதாமின் உளவு அமைப்புகள் பற்றி இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வு மாணவர் 2002ல் எழுதிய கட்டுரையின் நகல். பெயர் போடவில்லை, பிழைகள் அப்படியே. கேம்பிரிட்ஜின் கிளென் ரங்வாலா கண்டுபிடித்தார்.

திருட்டுகூடப் பரவாயில்லை. 'எதிர்ப்புக் குழுக்கள்' என்று மாணவர் எழுதியது 'பயங்கரவாத அமைப்புகள்' ஆகியிருந்தது. அவருடைய ஆதாரங்களில் 1991ல் சிக்கிய பழைய ஆவணங்களும் உண்டு. மூலத்தைச் சொல்லியிருந்தால் இரண்டும் அன்றே தெரிந்திருக்கும். ரகசிய அமைப்புகளை யார் நேரில் போய்ச் சரிபார்ப்பது? அடிக்குறிப்பு ஒன்றுதானே பிடிமானம்!

ஐ.நா.வில் காலின் பவல் இதைத்தான் அருமையான அறிக்கை என்றார். பெயரைப் போட்டிருக்க வேண்டும் என்று பிளேர் அலுவலகம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே போர் தொடங்கியது.