ஓடைக்கு உடம்பு எப்படி?

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டு, "இடம் நல்ல இடந்தான்" என்று திரும்பி விடுகிறவர்கள் ஒரு ரகம். குடிக்கத் தண்ணீர் கேட்கும் சாக்கில் சமையலறை வரை போய், கொல்லையையும் எட்டிப் பார்த்து, பற்றுத் தேய்க்கிற பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரும் அத்தைமார்கள் இன்னொரு ரகம். ஏமாறாமல் திரும்புகிறவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஓர் ஓடையின் ஆரோக்கியத்தைப் பார்க்கிற விஷயமும் அப்படித்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அடியில் கூழாங்கல் தெரிகிறதே என்று நாம் உடனே நற்சான்று கொடுத்து விடுகிறோம். நிலக்கரிச் சுரங்கத்து அமிலம் கலந்த ஓடைகூடச் சில சமயம் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். மீனும் இராது; பூச்சியும் இராது. சரி, ஒரு சீசாவில் பிடித்துச் சோதனைசாலைக்கு அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம். அந்தச் சீசா அந்த நிமிஷத்துத் தண்ணீரைப் பற்றித்தான் பேசும். நேற்று ராத்திரி யாரோ திறந்துவிட்ட கழிவு, விடிவதற்குள் பல மைல் தாண்டிப் போயிருக்குமே! அது யாருக்குத் தெரியும்?

அங்கேயே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களை விசாரிக்கும் முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ரூத் பாட்ரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி.

1907-ல் பிறந்தவர். தகப்பனார் வக்கீல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கட்சிக்காரர்களை மறந்து, பெண்களை அழைத்துக் கொண்டு ஓடையோரம் கிளம்பி விடுவார். ஏழு வயதில் ரூத்துக்குச் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப்பே வாங்கிக் கொடுத்துவிட்டார். அதில் அவர் மனத்தைப் பறிகொடுத்தது டயாட்டம் என்ற நுண்ணிய பாசிகளிடம். ஒவ்வொன்றும் மூடி போட்ட குங்குமச் சிமிழ் மாதிரி இருக்கும். சிமிழ் கண்ணாடி போன்ற சிலிக்காவால் ஆனது; அதன் மேல் சித்திர வேலைப்பாடு வேறு. ஒரு ஜாதிக்குப் பிடித்த நீர் இன்னொரு ஜாதிக்கு ஆகாது.

1934-ல் டாக்டர் பட்டம் வாங்கிய அம்மாள், பிலடெல்பியாவிலுள்ள இயற்கை விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து உழைத்தார். சம்பளம்? கிடையாது. பெண்பிள்ளைக்கு எதற்குச் சம்பளம் என்ற காலம். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வரக்கூடாது என்று உத்தரவு மட்டும் கிடைத்தது! 1945-ல்தான் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியது.

1948-ல் பென்ஸில்வேனியாவின் கானஸ்டோகா ஓடைக்கு ஒரு பட்டாளத்தோடு புறப்பட்டார். ரசாயனம் அறிந்தவர், கிருமி அறிந்தவர், பாசி, பூச்சி, மீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர். ஊர்ச் சாக்கடை, ஆலைக் கழிவு, வயல் நீர் எல்லாம் வந்து விழுந்த ஓடை அது.

ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்ஸன் என்ற இருவர், எந்த உயிர் எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று 1908-லேயே பட்டியல் போட்டிருந்தார்கள். ரூத் அம்மாள் ஒரே ஓர் உயிரை நம்பித் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. எத்தனை ஜாதிகள் சேர்ந்து வாழ்கின்றன என்று எண்ணினார். நல்ல ஓடையில் ஜாதிகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை அளவோடு இருக்கும். அசுத்தம் சேரச் சேர நாசூக்கானவை ஒவ்வொன்றாக மறைய, எதையும் பொறுத்துக் கொள்ளும் இரண்டொன்று மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகிவிடும். தட்டான், தச்சன், தையற்காரன் எல்லாரும் காலி செய்துவிட்டுப் போய், வட்டிக்கடைகள் மட்டும் மிஞ்சிய தெருவைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். நடமாட்டம் என்னவோ அமோகமாகத்தான் இருக்கும்!

பிற்பாடு டயாட்டோமீட்டர் என்று ஒரு சாதனமும் செய்தார்கள். 1954-ல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. கண்ணாடித் தகடுகள் செருகிய சின்னப் பெட்டி. நீரில் மிதக்க விட்டு, இரண்டு வாரம் போல் கழித்து எடுத்தால், தகட்டில் டயாட்டங்கள் குடியேறியிருக்கும். எண்ண வேண்டியதுதான் பாக்கி.

1973-ல், சம்பளம் தராத அதே கழகத்தின் நிர்வாக சபைக்கு அம்மாள் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அன்று என்ன சாயம் பூசிக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை. 105 வயது வரை வாழ்ந்து 2013-ல் மறைந்தார்.

நம்மிடம் மைக்ராஸ்கோப் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அடுத்த முறை மலைப்பக்கம் ஓடைக்குப் போனால், ஓரத்தில் கிடக்கும் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். மூன்று வால்களோடு தட்டையாக ஒட்டிக் கொண்டிருக்கும் மேஃப்ளை குஞ்சுகள் தென்பட்டால், நீரில் பிராணவாயு தாராளமாக இருக்கிறது என்று நம்பலாம். பல விதப் பூச்சிகள் இருந்தால் இன்னும் விசேஷம். வெறும் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் சந்தேகப்படுங்கள். அவற்றின் உடம்பிலும் நம் ரத்தத்தைப் போல் சிவப்புப் பொருள் இருப்பதால், பிராணவாயு குறைந்த சேற்றிலும் காலம் தள்ளிவிடும்.

பார்த்தான பிறகு கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வாருங்கள். அதன் கீழே குடித்தனம் நடக்கிறது.