பழுதுக்குக் கூலியில் கை வைப்பதை நிறுத்துகிறோம்

சங்கரன்கோவில் சிறு விசைத்தறிக் கூட உரிமையாளர்கள் சார்பில் நிலைப்பாட்டு அறிக்கை

பாவு தீர்ந்து தறி நிற்கிறது. பாவு பிணைக்கிறவர் வேறொரு கூடத்தில் இருக்கிறார், வர மதியமாகும். அதுவரை தறி ஓட்டுகிற அண்ணாச்சி வாசல் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். மீட்டர் கணக்கில் கூலி என்பதால் அந்த நேரத்துக்கு அவருக்கு ஒரு பைசா கிடையாது. சாயங்காலம் துணியை மடிக்கும்போது இரண்டு இடத்தில் ஊடை விட்டிருப்பதைப் பார்க்கிறோம். கூலியில் பிடிக்கிறோம். ஊடை விட்டதற்குக் காரணம் தேய்ந்த நாடா. அதை மாற்றித் தரச் சொல்லி அவர் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சங்கரன்கோவிலில் கூடம் நடத்துகிற எவருக்கும் இது தெரியாத கதை இல்லை. பிடித்தவர்களும் நாங்கள்தான். ஆகவே இந்த அறிக்கை யார்மீதும் புகார் சொல்ல எழுதப்படவில்லை. எங்கள் கூடங்களை நாங்கள் நடத்தும் விதம்பற்றி எழுதப்படுகிறது. துணியில் விழும் பழுதுக்காகத் தறி ஓட்டுகிறவர் கூலியில் பிடித்தம் செய்வதில்லை என்றும், தறி நிற்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுதி வைப்பது என்றும் எங்கள் சங்கம் முடிவு செய்திருக்கிறது.

முதலில் கணக்கு. நிமிடத்துக்கு 120 ஊடை போடும் சாதாரணத் தறியில், அங்குலத்துக்கு 48 ஊடை உள்ள துணி நெய்தால் நிமிடத்துக்கு இரண்டரை அங்குலம் இறங்கும். மணிக்கு 150 அங்குலம். எட்டு மணி நேரமும் நிற்காமல் ஓடினால் 30 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எந்தத் தறியும் அப்படி ஓடாது. இழை அறும், தார் மாற்ற வேண்டும். ஆனால் பாவுக்காகவும் நூலுக்காகவும் மேஸ்திரிக்காகவும் ஒரு மணி நேரம் சும்மா நின்றால், ஒரு சேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ஒரு தறிக்கு, ஒரு மணி நேரத்துக்கு. தமிழ்நாடு அரசு 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது, அதற்கு முன் 750 யூனிட். அதற்காக நாம் நடந்த நடைக்கும் கொடுத்த மனுவுக்கும் கணக்கில்லை. நம் கூடத்துக்குள்ளேயே நின்றுபோகிற நேரத்தை மீட்க எந்த அலுவலகத்துக்கும் நடக்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதியில் 17 நிறுவனங்களின் 28 நெசவாலைகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம், உலக வங்கி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்களை அனுப்பி 38 நடைமுறைகளைப் பழக்கினார்கள். 2013-இல் முடிவு வெளியானது. அந்த 38-இல் பெரிய வித்தை எதுவும் இல்லை. பழுதை வகை பிரித்து எழுது, தறி நின்ற நேரத்தைக் குறி, நூலை ரகம் பார்த்து அடுக்கி வை, தரையைப் பெருக்கு, நேற்று நடந்ததை இன்று காலை உட்கார்ந்து பேசு. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. பழுதும் கணிசமாகக் குறைந்தது. அதற்கு முன்பு அந்த முதலாளிகளில் பலரும் தங்கள் துணியின் தரம் நன்றாகவே இருப்பதாக நம்பியிருந்தார்கள்.

அந்த ஆய்வில் எங்களைச் சுருக்கென்று குத்தியது இன்னொரு செய்தி. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை, அதன் நிர்வாகத் திறமையைவிட அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே அதிகம் தீர்மானித்ததாம். வெளியாளை நம்பிச் சாவியைக் கொடுக்க மனம் வராததுதான் காரணம். நம் ஊரிலும் மைத்துனர் வந்தால்தான் இன்னும் நாலு தறி போடுவோம். முப்பது வருஷம் தறி ஓட்டியவரை நம்பி ஒரு நோட்டை ஒப்படைக்க மாட்டோம்.

அவை நூற்றுக்கணக்கில் ஆள் வைத்த ஆலைகள், நம்முடையது ஆறு தறி, எட்டுத் தறிக் கூடம் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். சரியான வாதம். அவர்களுக்குக் கிடைத்த 17 சதவீதம் நமக்கும் கிடைக்கும் என்று இந்தச் சங்கம் வாக்குக் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அந்த ஆலைகளிலும் பழக்கிய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. பொறுப்பாக இருந்த மேலாளர் மாறியதும், முதலாளிக்கு நேரம் இல்லாமல் போனதும் காரணங்கள். மீதிப் பாதி நிலைத்தது.

பிடித்தத்தைப் பற்றித்தான் கூட்டத்தில் அதிகச் சத்தம். "பிடிக்கலேன்னா எவன் கவனமா நெய்வான்?" என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது. எங்கள் பதில் இது. பழுதைச் சொன்னால் காசு போகும் என்று தெரிந்தவர் பழுதைச் சொல்லமாட்டார். மடிப்புக்குள் வைத்துவிடுவார். அச்சில் ஒரு பல் வளைந்திருப்பது அவருக்கு முதல் மீட்டரிலேயே தெரியும். நமக்கு இருபதாவது மீட்டரில் தெரியும். வியாபாரிக்கு ஈரோட்டுச் சந்தையில் தெரியும். ஒவ்வொரு படியிலும் நஷ்டம் பெருகிக்கொண்டே போகிறது. பிடித்தம் மிச்சப்படுத்தித் தருகிற காசைவிட அது மறைக்கிற பழுதுக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். மீட்டர் கூலிக்காரருக்குத் தறி நின்றாலே நஷ்டம்தான், அவரைக் கவனமாக இருக்கச் செய்ய அதற்குமேல் ஒரு தண்டனை தேவையில்லை.

சட்டத்தையும் ஒருமுறை படித்துப் பார்த்தோம், தாமதமாகத்தான். 2025 வரை நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் அபராதம் போடக்கூடாது. அது கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வசூலான தொகை தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். இதில் ஒன்றைக்கூட நாங்கள் ஒழுங்காகச் செய்ததில்லை.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் கீழே பிடிப்பதற்கு ஒரு காரணம் நீங்கள் மேலே பிடிப்பது. இனி பழுது என்று சொல்லி விலையைக் குறைத்தால், அந்தத் துணியைத் திருப்பிக் காட்டுங்கள். எந்தத் தறி, எந்தப் பாவு என்று பார்த்தால்தான் அடுத்த லோடாவது சரியாக வரும்.

கூடத்தின் சூடு பற்றியும் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்து மதியத்தில் நிற்பவருக்கு ஆய்வு வேண்டாம். ஆனாலும் சூரத்தில் நம்மைப்போலக் குளிர்சாதனம் இல்லாத நெசவுக் கூடங்களில் ஆய்ந்திருக்கிறார்கள்: வெயில் ஏற ஏற மீட்டர் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு கூடத்திலும் இந்த மூன்றும் வேண்டும்: காற்று இழுக்கும் மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், தார் சுற்றும் அக்காமார்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. கடைசியாகச் சொன்னது இல்லாத கூடத்துக்குச் சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் இனி எதற்கும் கிடைக்காது.

இரண்டு விஷயங்களில் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஒன்று, 12 மணி நேர ஷிப்ட். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய வேலை நேர மசோதாவுக்குக் கடும் எதிர்ப்பு வந்து, அரசு பத்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் இன்று முதல் எட்டு மணி நேரம் என்று இங்கே எழுதினால் அது பொய்யாகிவிடும். கோமதி அம்மன் ஊசி முனையில் ஒற்றைக் காலில் நின்ற ஊர் இது. அதற்காகத் தறிக்காரரும் தபசு இருக்க வேண்டுமென்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. கடைசி நான்கு மணி நேரத்தில் எவ்வளவு பழுது விழுகிறது என்று எழுதிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பேசுவோம். மற்றொன்று, முன்பணம். கணக்கை எழுதி இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும் என்பதில் ஒப்புதல் வந்தது. பாக்கி இருக்கும்போதே வேறு கூடத்துக்குப் போகிறவரைத் தடுக்கக்கூடாது என்பதில் வரவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது என்பதை, ஒப்பாத உறுப்பினர்களுக்கு நினைவூட்டியிருக்கிறோம்.

கூலி ஒப்பந்தம் காலாவதியானபின் பேச உட்காருவது, வேலைநிறுத்தம், அப்புறம் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்ற வழக்கத்தையும் விடுகிறோம். இனி ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தொழிற்சங்கங்களை நாங்கள் அழைப்போம். நூல் விலை, நெய்த கூலி, வந்த விலை மூன்றையும் மேசையில் வைப்போம்.

இவ்வளவும் ஏன் இப்போது? நம் பிள்ளைகளுக்குத் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் வேலை இருக்கிறது, திருப்பூரும் இருக்கிறது. தறி ஓட்டுகிறவர் மகன் தறிக்கு வருவதில்லை. நம் மகன்களும் வருவதில்லை.

ஆடித் தபசு முடிந்து தறிகள் மறுபடி ஓடும் நாளில், ஒவ்வொரு தறிக்குப் பக்கத்திலும் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். எழுதப்போவது தறி ஓட்டுகிறவர். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது, எதற்காக நின்றது என்று மூன்று கட்டங்கள். 'யாரால்' என்று நாலாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டார்கள், போடவில்லை. ஆறு மாதம் கழித்து எல்லாக் கூடங்களின் கணக்கையும் கூட்டிச் சங்கப் பலகையில் ஒட்டுவோம். நோட்டு, பென்சில், கட்டித் தொங்கவிடக் கயிறு மூன்றும் சங்கத்தின் செலவு.