நாய் சொறிந்தால் பூச்சிமருந்து தீர்வல்ல

வலங்கைமான் வட்டாரத்தில் களத்து நெல்லுக்கு நாயும், வீட்டு எலிக்குப் பூனையும் காவல். அந்த நாய் ஓயாமல் சொறிந்தால் என்ன செய்கிறோம்? கழிவு ஆயிலைப் பூசுகிறோம். பயிருக்கு அடித்தது போக மிச்சமிருக்கும் மருந்தைக் கரைத்து ஊற்றுகிறோம். இதைக் கைவிட வேண்டும். தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் விஷம் உள்ளே போகும்.

அரிப்பெல்லாம் சொறி அல்ல. தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒவ்வாத நாய்க்கு ஓரிரு கடியே போதும். இடுப்பிலும் வாலடியிலும் முடி கொட்டிப் புண்ணாகும். பூனைக்குக் கழுத்திலும் முதுகிலும் சிறு பொருக்குகள் கையில் தட்டுப்படும். காதும் பாதமும் அடிக்கடி அரித்தால் உணவு, தூசி, மகரந்தம் ஒவ்வாமல் இருக்கலாம். காது ஓரத்திலும் முழங்கையிலும் தடித்த பொருக்கு இருந்தால் சொறி என்று சந்தேகிக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். தோலைச் சுரண்டிப் பரிசோதிப்பதே நல்லது.

தெள்ளின் முட்டையும் புழுவும் நாய் படுக்கும் சாக்கில்தான் அதிகம். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். வீட்டிலுள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில், அதனதன் மருந்தைப் போடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும், பாராசிட்டமாலும் அப்படியே. உணவில் சந்தேகமென்றால், மருத்துவர் சொல்லும் உணவை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பாருங்கள்.

மாட்டைப் போலவே நாயையும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். முற்றினால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விரிவாக்கப் பணியாளர்களே, மாட்டு முகாமில் இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நெல்லைக் காத்த ஜீவனுக்கு நாம் செய்யும் கைம்மாறு அது.