பட்டினி கிடந்த காமிரா

சில வாரங்களுக்கு முன்பு நமது நண்பர் ஒருவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து நம் மேஜைமீது வைத்தார். அதனுள்ளிருந்து வெளிப்பட்டது ஒரு பழைய போலராய்டு காமிரா. பொத்தானை அமுக்கியதும் வாய் வழியாகப் படத்தை நீட்டி, நம் கண்ணெதிரிலேயே உருவம் தோன்றச் செய்யும் அதிசய ஜாதியைச் சேர்ந்தது. காலஞ்சென்ற அவருடைய தகப்பனார் ஆசையுடன் வைத்திருந்தது.

"இரண்டு ரிப்பேர்க்காரர்களிடம் காட்டினேன். மோட்டார் எரிந்துபோயிற்று என்றார் ஒருவர். உள்ளே எல்லாம் துருப்பிடித்துவிட்டது என்றார் மற்றவர். பழைய சாமான்காரனுக்குப் போடுமுன் உம்மிடம் ஒரு வார்த்தை கேட்கலாமென்று வந்தேன்" என்றார்.

"பிலிம் போட்டுப் பார்த்தீரா?"

"நன்றாயிருக்கிறது! முதலில் யந்திரம் ஓடட்டும். பிறகல்லவா பிலிமுக்குப் பணம் செலவழிக்க வேண்டும்?"

கேட்பதற்கு நியாயமான பேச்சுத்தான். மற்றக் காமிராக்களுக்கு அது பொருந்தவும் பொருந்தும். ஆனால் இந்த ஜாதிக் காமிராவுக்குப் பொருந்தாது. 1972-ம் வருஷம் வெளிவந்த எஸ்.எக்ஸ்.-70 என்னும் காமிராவிலும், அதன் வழிவந்த 600 வகைக் காமிராக்களிலும் பாட்டரி காமிராவுக்குள் இல்லை. பிலிம் பெட்டியின் அடியில், தகடுபோல் தட்டையாக, 6 வோல்ட் சக்தியுடன் இருக்கிறது. புதுப் பெட்டி போட்டால் புதுப் பாட்டரியும் கூடவே வந்துவிடும். பெட்டி இல்லையேல் காமிரா வெறும் ஜடம். மாட்டுக்குத் தீனி போட்டபின் அல்லவா அது நோயாளியா, பட்டினியா என்று சொல்ல முடியும்?

இந்தக் காமிராவின் பிறப்புக்குக் காரணம் ஒரு குழந்தை. 1943-ல் எட்வின் லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஸாண்டா பே நகரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியாது என்று அவருடைய மூன்று வயதுப் பெண் கேட்டாளாம். தகப்பனார்கள் சாதாரணமாக, "சும்மா இரு" என்று இதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள். லாண்ட் 1947-ல் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் கூடிய சபையில் பதில் சொன்னார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரத்துக் கடையொன்றில் அந்தப் பதில் விற்பனைக்கும் வந்துவிட்டது.

நிற்க. நண்பருடைய காமிராவுக்கு ஆகாரம் தேடும் படலத்துக்கு வருவோம். இதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, பழைய பிலிம். நண்பர் மலிவாகக் கிடைத்ததென்று, உறை பிரிக்காத பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பல வருஷங்களுக்கு முன்பே காலாவதியான சரக்கு. ஒவ்வொரு படத்தின் அடியிலும் அகலமான வெள்ளை ஓரம் இருக்கிறதல்லவா? அது வெறும் அழகுக்காக அன்று. அதற்குள் சிறு பையில் ரஸாயனக் குழம்பு இருக்கிறது. படம் வெளிவரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையைப் பிதுக்கிக் குழம்பைப் பரப்புகின்றன. நண்பர் வாங்கிய பெட்டியிலோ குழம்பும் உலர்ந்துவிட்டது, பாட்டரியும் உயிரை விட்டுவிட்டது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் பிலிமை உபயோகிப்பதே உத்தமம்.

இரண்டாவது, வகை மாறிய பிலிம். 600 பிலிம் எஸ்.எக்ஸ்.-70 பிலிமைப்போல் சுமார் நான்கு மடங்கு வெளிச்ச உணர்ச்சி உள்ளது. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் போட்டால் படம் வெளுத்துப்போகும், அல்லது இருண்டுபோகும். ஐ-டைப் என்று ஒரு பிலிமும் விற்கிறது. உருவத்தில் இவற்றின் உடன்பிறப்பு. ஆனால் பாட்டரி கிடையாது. புதுக் காமிராக்களுக்கென்று செய்யப்பட்ட அதைப் பழைய காமிராவில் போட்டுவிட்டு, "இதுவும் ஓடவில்லையே!" என்று வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவது, பிலிமே இல்லாத காமிரா. 1948-ம் வருஷத்து மாடல் 95 போன்ற சுருள் பிலிம் காமிராக்களுக்குப் பிலிம் செய்வது 1992-ல் நின்றுபோயிற்று. படத்தை உரித்தெடுக்கும் வகைக் காமிராக்களுக்கு ஜப்பானில் பியூஜி கம்பெனியார் பிலிம் செய்துவந்தார்கள்; 2016-ல் அவர்களும் கைவிட்டார்கள். ஸ்பெக்ட்ரா வகைப் பிலிம் 2019-ல் நின்றது. இவற்றை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

600 வகைக்கும் இந்தக் கதிதான் நேர்ந்திருக்க வேண்டும். 2008-ல் போலராய்டு கம்பெனியார் உடனடிப் பிலிம் உற்பத்தியையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். அப்போது நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையின் யந்திரங்களை, ப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே போஸ்மன் என்ற இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். போஸ்மன் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். யந்திரம் இருந்தது; ஆனால் பழைய ரஸாயனப் பொருள்களில் பல கிடைக்கவில்லை. பழைய தொழிலாளர் சிலரைக் கூட்டிக்கொண்டு குழம்பைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். தங்கள் முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயரே 'இம்பாஸிபிள்' - அதாவது, முடியாத காரியம்! 2010-ல் முதல் பிலிம் விற்பனைக்கு வந்தது. இன்று போலராய்டு என்ற பெயரிலேயே அந்தப் பிலிம் வெளிவருகிறது. பெட்டிக்கு எட்டே படங்கள், விலையும் மலிவல்ல.

கடைசியில் நண்பர் சரியான 600 பெட்டி ஒன்றைத் தருவித்தார். அதை உள்ளே தள்ளிக் கதவை மூடியதும், 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம்! பெட்டியின் கறுப்பு மூடி வெளியே வந்து விழுந்தது. மோட்டாரும் உருளையும் சௌக்கியம் என்பதற்கு அதுவே அத்தாட்சி. மூடி வராவிட்டால், பெட்டி இருக்கும் குழியிலுள்ள இரு உலோகத் தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ரிப்பேர்க்காரரைத் தேடினால் போதும்.

எட்டுப் படங்களில் முதலாவது, "உள்ளே எப்படி இருக்கிறது?" என்று நண்பருடைய பையன் கதவைத் திறந்து பார்த்ததில் வெளிச்சத்துக்குப் பலியாயிற்று. இரண்டாவதில் ஒரே இடைவெளி விட்டு வரிசையாகப் புள்ளிகள். உருளையில் அழுக்கு ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டதும் சரியாயிற்று. மூன்றாவது, உச்சி வேளையில் எடுத்தோம்; மஞ்சள் பூத்துவிட்டது. 28 டிகிரி ஸென்டிகிரேடுக்கு மேல் இந்தக் குழம்புக்கு ஆகாது. 13-க்குக் கீழே போனால் படம் நீலம் பாய்ந்து நிற்கும்.

மறுநாள் விடியற்காலையில், ஜன்னலருகே நண்பருடைய தாயாரை உட்காரவைத்தோம். அம்மாளுக்கு வயது எண்பத்தாறு. படம் வெளிவந்ததும் அதை உதறாமல், வெளிச்சம் படாமல், கவிழ்த்து வைத்துக் கால் மணி காத்திருந்தோம். பிறகு நிமிர்த்தி அம்மாள் கையில் கொடுத்தோம்.

அம்மாள் வெகுநேரம் பார்த்தார். "அப்பா எடுத்த படத்திலும் இந்த ஜன்னல்தான். இதற்கு இன்னொரு பிரதி உண்டா?" என்றார்.

கிடையாது. இந்தப் படத்துக்கு நெகடிவ் இல்லை. உலகத்தில் இந்த ஒன்றுதான். ஆகவே எடுத்த அன்றே நல்ல பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை வெயில் படாத இடத்தில் வைக்குமாறு வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

நண்பர் இன்னும் இரண்டு பெட்டிகள் வாங்கிவிட்டார். அவை இப்போது குளிர்ப்பெட்டியில், தயிர்ப் பாத்திரத்துக்கு அருகில், படுக்கைவசமாகச் சயனித்திருக்கின்றன. உறைய வைக்கும் மேல் அறையில் மட்டும் வைக்கக்கூடாது. பழைய சாமான்காரன் வந்து கேட்டால், காமிரா விற்பனைக்கு இல்லை.