பழைய வீடு, புதுச் சாயம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். மலேசியாவில் நம்மில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை. யாரோ கட்டிய வீட்டை வாங்குகிறோம். பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டுகள் வேலை செய்துவிட்டு முதல் வீடு தேடும் நம் இளைஞர்கள் பலருக்குக் கட்டுப்படியாவது புதிய வீடுமன்று. 1970களிலும் 1980களிலும் எழுந்த தாமான்களில், ஏற்கனவே ஒரு குடும்பம் வாழ்ந்து முடித்த வரிசை வீடுதான். கிள்ளானிலும் சிரம்பானிலும் பட்டர்வொர்த்திலும் இதே கதைதான். கோயில் பக்கம், தமிழ்ப்பள்ளி பக்கம், அம்மா வீடும் பக்கம். அப்படிப்பட்ட இடத்தில் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் வாங்குகிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கட்டட அளவையியல் படித்தவன் என்பதால் உறவினர்கள் வீடு பார்க்கப் போகும்போது என்னையும் அழைப்பார்கள். போனால் நடப்பது இதுதான். வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். வீட்டு எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். சமையலறை பெரிதாக இருக்கிறதா என்று அத்தை பார்ப்பார். "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்பார் வீட்டு முகவர். இருபதே நிமிடங்களில் முன்பணத்துக்குக் காசோலை எழுதப்படும். வாஸ்து பார்ப்பதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கிழக்கு வாசலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக் கூரைக்கும் கொடுக்கலாமே!

நான் ஏணி கேட்டால் முகம் சுளிப்பார்கள். விற்பவர் தமிழராக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். தேநீர் கொடுத்து உபசரித்தவர் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவாம். ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "என்ன தம்பி, வீட்டை விற்கிறோமா, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோமா?"

இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சட்டத்தைப் பார்த்தால் தெரியும். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால் சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை அவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதற்கென்றே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. கைமாறும் பழைய வீட்டுக்கு இந்த இரண்டுமே கிடையாது. 'உள்ளது உள்ளபடியே' வாங்குவதாக நாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம். 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் மாண்டனர். அதன் பின்னர் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ பிரிவு வந்தது. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லி உரிமையாளருக்கு உத்தரவிட ஊராட்சி மன்றத்தால் முடியும். நம் வரிசை வீடுகள் அந்தக் கணக்கில் வரா. நாற்பது ஆண்டுகளில் ஒருவர்கூட ஏறிப் பார்க்காத கூரைகள் தாமான்தோறும் இருக்கின்றன.

"பேங்கிலிருந்து ஆள் வந்து பார்த்தாரே" என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அவர் மதிப்பீட்டாளர். கடன் திரும்பாவிட்டால் வீடு என்ன விலைக்குப் போகும் என்று வங்கிக்குச் சொல்ல வந்தவர். அவர் கட்டணத்தை நாம் கட்டினாலும் அவர் நமக்காக வரவில்லை. கரையானைத் தேடுவது அவர் வேலையன்று.

கரையான் என்றதும் சிரிக்க வேண்டாம். கூரை உத்தரங்கள் மரமாக உள்ள வீட்டில் அதுதான் முதல் எதிரி. சுவரோரம் பென்சில் பருமனில் மண் கோடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். புதுச் சாயம் அடித்த வீட்டில் அந்தக் கோடு துடைக்கப்பட்டிருக்கும். உத்தரத்தின் உள்ளே வெறும் கூடு நிற்கும். அடுத்தது பின்கட்டு. நம்மவர்களுக்குப் பெரிய சமையலறை வேண்டும் என்பதால் பின்பக்கத்தை இழுத்துக் கட்டாத வீடே அரிது. பழைய வீடு ஓர் அடித்தளத்திலும் பின்கட்டு வேறோர் அடித்தளத்திலும் நிற்கும். கிள்ளானைப் போல மென்களிமண் நிலமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில் இறங்கா. இணையும் இடத்தில் வெடிப்பு விடும். பூசி மறைப்பார்கள், மழைக்காலத்தில் மீண்டும் திறக்கும். அந்தப் பின்கட்டுக்கு ஊராட்சி மன்ற அனுமதி பெற்றார்களா என்பது தனிக் கேள்வி. பெறாமல் கட்டியிருந்தால் அந்தத் தலைவலியும் வீட்டோடு சேர்ந்து வரும்.

இவற்றைவிட நான் அஞ்சுவது மின்சாரத்துக்கு. மின்விசிறியும் நான்கு விளக்கும் இருந்த காலத்தில் இழுத்த கம்பியில் இன்று மூன்று குளிரூட்டிகள், குளியலறையில் நீர்சூடேற்றி. 1994ஆம் ஆண்டின் மின்சார விதிகள்படி, ஈரமான இடத்துக்கு 10 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும். பல பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் சேர்த்து 100 மில்லியம்பியரில் ஒன்றே ஒன்று இருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தால் அதுவும் சில வீடுகளில் அசையாது. இது பண நட்டக் கணக்கன்று, உயிர்க் கணக்கு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற பகுதிகளில், தண்ணீர் சுவிட்ச் வரை ஏறியதா என்று பக்கத்து வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். சுவரைப் பார்த்து இன்று எதுவும் தெரியாது.

விற்பவர் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு, பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. 19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், விற்பவர் மறைத்தார் என்று சொல்லி ஒப்பந்தத்தை முறிப்பது கடினம். நாம் மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறோம். அவர் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறார். சட்டப்படி இருவரில் நட்டம் நமக்குத்தான்.

தெரிந்த குறைகளை விற்பவர் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. விற்பவர்களில் பலர் வயதானவர்கள். அந்த வீடு ஒன்றே அவர்கள் சொத்து. குறையைச் சொன்னால் விலை இறங்கும். உண்மைதான். ஆனால் சொல்லாவிட்டால் அந்தச் செலவு மறைந்து போவதில்லை. 35 ஆண்டுக் கடனில் நுழையும் இளந்தம்பதியர் தலையில் முதல் ஆண்டிலேயே விழுகிறது. கடன் முடியும்போது நாற்பது வயது வீட்டுக்கு 75 வயதாகியிருக்கும். இறங்கிய விலை நேர்மையான விலை என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 4 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு, முதல் வீட்டுச் சலுகை இல்லாவிட்டால், முத்திரை வரி 7,000 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் ஏறக்குறைய 5,000. இவற்றை முணுமுணுக்காமல் கட்டுகிறோம். சோதனைக்கு இதில் ஒரு சிறு பகுதி போதும். முன்பணம் கொடுக்கும்போது எழுதும் கடிதத்தில், சோதனையில் பெரிய குறை தென்பட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கூரை ஒழுகியதுண்டா, வெள்ளம் ஏறியதுண்டா, பின்கட்டுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கட்டட அளவையியல் படிப்பு உண்டு. அங்கே நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரை ஏணியோடு அழைத்துக்கொண்டு போங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாளாக இருந்தால் இன்னும் நல்லது.