சார்ஜை அரிக்கும் இரண்டாவது ‘செல்’



‘செல்’ என்றால் தமிழில் பல அர்த்தம். ‘போ’ என்பது ஒன்று. புத்தகத்தை அரிக்கும் பூச்சி இன்னொன்று. நம் கையில் இருக்கும் போனும் செல்தான். இந்தப் பூச்சியும் போனும் சேர்ந்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அப்பா லாரி ஓட்டுகிறார். எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணிவிடுவார். போன மாதம் ஒருநாள் எட்டு மணிக்கே சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து கரண்டும் இல்லை. வண்டி நடுவழியில் பழுதாகி நின்ற அப்பா, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போட்டு விசாரித்தார். அம்மா பயந்துபோய் அழுதேவிட்டார். அப்புறம் கோபம் என் மேல் திரும்பியது. “சாயங்காலம் பூரா நீ நோண்டுனதுதான்டி காரணம்!”

உண்மையில் அன்று நான் படமோ வீடியோவோ பார்க்கவில்லை. வகுப்பு குரூப்பில் வந்த மெசேஜ்களைத்தான் பார்த்தேன். அப்படியானால் சார்ஜ் எங்கே போனது? இயற்பியல் சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு டவரின் அலை எட்டும் பகுதிக்கு ‘செல்’ என்று பெயர். செல்போன் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. ஒரு நிலையத்தைச் சேர்ந்த செல்களை ஒன்றாகச் சேர்த்தால் அது ‘செல் குரூப்’. ஒரு போன் ஒரே நேரத்தில் இரண்டு குரூப்களோடு இணைந்திருக்கும் முறை 2015-இல் 4ஜி விதிகளில் வந்தது. 5ஜி வந்தபோது இதையே பயன்படுத்திக்கொண்டார்கள். 4ஜி முதன்மை குரூப்பாக இருக்கும். 5ஜி இரண்டாவது குரூப்பாகக் கூடவே ஒட்டிக்கொள்ளும். 5ஜி மட்டும் தனியாக இயங்கும் முறையும் உண்டு. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது இரண்டு வகையுமே வந்தன.

இதை ஒரு வீடாக நினைத்துப் பாருங்கள். முன் வாசல் 4ஜி, கொல்லை வாசல் 5ஜி. வீட்டில் இருப்பது ஒரே ஆள். யாராவது கூப்பிடுகிறார்களா என்று இரண்டு வாசலிலும் மாறி மாறிக் காது கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த ஆள் என்ன ஆவார்? போனும் அப்படித்தான் களைத்துப் போகிறது. இணைப்பில் இருக்கும் வரை, தனக்குச் செய்தி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சிக்னலை அளந்து டவருக்குச் சொல்ல வேண்டும். 4ஜியில் ஓர் அலைவரிசையின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். 5ஜியில் அது 100 மெகாஹெர்ட்ஸ் வரையும், சில அலைவரிசைகளில் அதற்கு மேலும் போகும். அகலம் கூடினால் கேட்பதற்கே மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

இடையிடையே போன் கண்ணயர்ந்து எழும் வசதி உண்டுதான். ஆனால் இரண்டு குரூப்புக்கும் தூங்கும் நேரம் தனித்தனி. ஒன்று தூங்கும்போது மற்றது எழுந்தால் போனுக்கு ஓய்வு ஏது? ஒரு ‘குட் மார்னிங்’ படம் வந்தாலும் போன் விழித்துக்கொள்ளும். சில சமயம் கொல்லை வாசலும் சேர்ந்து திறந்துகொள்ளும். படம் வந்து சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கும். நம் குரூப்பில் ஒரு நாளைக்கு எத்தனை ‘குட் மார்னிங்’ வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. செல்போன் விதிகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற உலக அமைப்பு 2022-இல் முடித்த 17-ஆம் பதிப்பில், இரண்டாவது குரூப்பைத் தூங்க வைக்கும் வழியைச் சேர்த்தது. இணைப்பை அறுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும், அதற்கு நேரமாகும். அதனால் அறுக்காமல், கதவைச் சாத்திச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. பெரிய வேலை வந்தால் சட்டென்று திறந்துகொள்ளலாம். “எனக்கு இப்போது 5ஜி வேண்டாம்” என்று போன் விருப்பம் தெரிவிக்கவும் வழி உண்டு. ஆனால் முடிவெடுப்பது நெட்வொர்க்தான்.

என் கருத்து இதுதான். விதி புத்தகத்தில் இருந்தால் போதாது, டவரிலும் போனிலும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் வேகத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சும்மா இருக்கும்போது போன் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடட்டுமே!

“பவர் பேங்க் வாங்கினால் தீர்ந்தது” என்று என் தோழி சொல்கிறாள். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குடம் மாற்றா? ஓட்டையை அடைக்க வேண்டாமா? எல்லோராலும் வாங்கவும் முடியாதே.

5ஜியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிக்னல் நன்றாக இருந்தால் பெரிய பாட வீடியோவைச் சீக்கிரம் இறக்கிவிட்டு ஓய்வெடுக்கும். அது நல்லதுதான். எங்கள் தெரு மாதிரி 5ஜி ஒரே கோடு காட்டும் இடத்தில்தான் வம்பு. அங்கே டவருக்குக் கேட்க வேண்டும் என்று போன் கத்திக் கத்திப் பேசுகிறது.

இப்போது வீட்டில் செட்டிங்ஸில் 4ஜிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அப்பாவின் அழைப்பு 4ஜியிலேயே வரும், அதற்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி வரை சார்ஜ் நிற்கிறது. “ஒரு வீட்டுச் சோதனை நிரூபணம் ஆகாது, நாலு வீட்டில் செய்து பார்” என்கிறார் சார். நீங்களும் செய்து பார்த்துச் சொல்லுங்களேன்!

ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அணைக்கச் சொல்லித் தந்தது இந்தப் பள்ளிக்கூடம். வேலை இல்லாத இணைப்புக்கும் அதே பாடம்தான். சிந்திப்போம் நண்பர்களே!

– பதினோராம் வகுப்பு மாணவி

(பி.கு.: அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். “சரி, ஆனா நீ நோண்டுறதையும் குறை” என்றார். அதுவும் நியாயம்தான்.)