கொடுத்த காசும் எடுத்த தட்டும்



17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோடி இருந்து ஆண்ட ஊர் வாலிகண்டபுரம். இன்று அது சென்னை - திருச்சி நெடுஞ்சாலையோரம் அமைந்த ஒரு சிற்றூர். அத்தகைய ஊர்களிலிருந்து படிப்பிற்காகவும் பிழைப்பிற்காகவும் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபை என்று நம் பிள்ளைகள் பரவியிருக்கின்றனர். ஊருக்கு வரும்போது அவர்கள் கேட்கும் மார்க்கக் கேள்விகளும் புதியனவாகவே இருக்கின்றன. “ஒரே கட்டணத்தில் வேண்டுமட்டும் சுஷி உண்ணலாம் என்கிறார்களே, அந்த உணவகங்களில் நாங்கள் உண்ணலாமா?” என்பது அவற்றுள் ஒன்று. கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் விடை பெருநகரத்து உணவகத்தோடு நிற்பதன்று; நம் வீட்டுப் பந்தி வரை வந்து சேர்வது.

சுஷி என்பது ஜப்பானியரின் உணவு. காடி எனப்படும் வினிகர், சர்க்கரை, உப்பு ஆகியவை கலந்த சோற்றின்மீது மீன் துண்டை வைத்தோ, சோற்றையும் மீனையும் கடற்பாசித் தாளில் சுருட்டியோ தருவர். மீன் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். கேட்டவுடன் நம் தாய்மார்கள் முகஞ்சுளிக்கலாம். ஆனால் மீனை வேகவைத்துத்தான் உண்ணவேண்டும் என்று ஷரீஅத் விதிக்கவில்லை. உடலுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதே கடமை. பச்சை மீனிலுள்ள புழுக்கள் மாளும்பொருட்டு அதனைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பின்னரே பரிமாறும் முறை பல நாடுகளில் இருக்கிறது.

வேண்டுமட்டும் உண்ணும் முறையும் ஜப்பானுக்கு மேலைநாட்டிலிருந்து வந்ததே. ஸ்காண்டிநேவிய நாடுகளின் விருந்து முறையைப் பின்பற்றி, டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் 1958 ஆகஸ்ட் முதல் நாளன்று அத்தகைய உணவகமொன்றைத் திறந்தது. அதற்கு ‘வைக்கிங்’ என்று பெயர் சூட்டினார்கள். அதே 1958இல் ஒசாகாவை அடுத்த பகுதியில் யோஷியாகி ஷிராயிஷி என்பவர், சுஷித் தட்டுகள் ஓடும் பட்டையின்மீது வாடிக்கையாளரைத் தேடிச் சுற்றிவரும் கடையைத் தொடங்கினார். பிற்காலத்தில் இவையெல்லாம் உலகெங்கும் பரவின. நமக்கும் இது முற்றிலும் அயலான வழக்கமன்று. ‘அளவுச் சாப்பாடு’ என்றும் ‘முழுச் சாப்பாடு’ என்றும் நம் ஊர் உணவு விடுதிகளில் பலகை தொங்குவதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் விடுதியில் கரண்டி பரிமாறுபவரின் கையில் இருந்தது. புதிய உணவகங்களில் அது உண்பவரின் கைக்கு, அல்லது அவர் நாவுக்கு, மாறிவிட்டது.

முதலில் தட்டில் இருப்பதைப் பார்ப்போம். ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களுள் மீன் மட்டுமே ஆகுமானது. நண்டு, கணவாய், எண்காலி ஆகியவை ஆகா. இறாலை மீனினமாகக் கருதுவதா என்பதில் அந்த மத்ஹபின் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விலாங்கு மீன் வகையைச் சேர்ந்ததென்பதால் ஆகும். ஷாஃபிஈ மத்ஹபில் கடல் உணவுக்குரிய வாசல் மிக விரிவானது. உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் கடற்கரையூர்களில் ஷாஃபிஈகளும் மிகுந்திருக்கும் நம் சமுதாயத்தில், ஒரே மேசையில் இரு நண்பர்கள் அமர்ந்தால் ஒருவருக்கு ஆகுமானது மற்றவருக்கு ஆகாததாக இருக்கலாம். அதற்காக ஒருவரையொருவர் இழித்துரைக்க வேண்டியதில்லை. இருவரும் கவனிக்க வேண்டிய பொதுவான செய்தி வேறு. ஜப்பானியச் சமையலில் ‘மிரின்’, ‘சாக்கே’ என்னும் அரிசி மதுவகைகள் சாறுகளிலும் குழம்புகளிலும் சேர்க்கப்படுவதுண்டு. சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாக்கிம் ஆகியவை வழங்கும் ஹலால் சான்று அந்த உணவகத்துக்கு இருக்கிறதா என்று பார்ப்பதும், சான்று முறை இல்லாத இடத்தில் வெட்கப்படாமல் சமையற்காரரைக் கேட்பதும் கடமையாகும்.

அடுத்தது ஒப்பந்தம். விற்கப்படும் பொருளின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது வணிகத்தில் இஸ்லாம் வகுத்த விதி. எவ்வளவு உண்போம் என்று தெரியாமலே கட்டணம் செலுத்துவது எப்படிச் செல்லும்? சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்களுள் ஒருவரான ஷைகு ஸாலிஹ் அல்ஃபவ்ஸான் அவர்கள், அளவு அறியப்படாமையால் இத்தகைய விற்பனை கூடாது என்று கூறியது 2014இல் பெரும் விவாதமாயிற்று. வேறு பல அறிஞர்கள் இதனை ஆகுமென்றே கருதுகின்றனர். அவர்கள் காட்டும் சான்று பழமையானது. ஹம்மாம் எனப்படும் பொதுக்குளியலறைக்குள் ஒரே கட்டணம் கொடுத்து நுழைபவர் எவ்வளவு நீர் ஊற்றுவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்பது தெரியாது. ஆயினும் மக்களின் வழக்கத்தை முன்னிட்டு, பூசலுக்கு இடந்தராத அறியாமை என்பதால், ஃபுகஹாக்கள் அதனை அனுமதித்தனர். உண்பவரின் வயிற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. விடுதிக்காரரும் அதை அறிந்தே விலை வைக்கிறார். இக்கருத்தே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஆனால், ஆகும் என்று சொன்னவுடன் பலர் காதை மூடிக்கொள்கின்றனர். என்ன ஆகும் என்பதை இனிமேல்தான் கேட்கவேண்டும்.

ஒரு பொருளை உடைமையாக்கித் தருவது வேறு. அதனைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிப்பது வேறு. முன்னதைத் தம்லீக் என்றும் பின்னதை இபாஹத் என்றும் ஃபிக்ஹு நூல்கள் பிரித்துக் காட்டுகின்றன. விருந்தாளியின் முன்னால் வைக்கப்படும் உணவு அவருக்கு இபாஹத்தாகும். அவர் உண்ணலாம், ஆனால் அது அவருடைய சொத்தன்று. வாசலில் வந்து நிற்கும் யாசகருக்குக்கூட, வீட்டுக்காரரின் சம்மதம் தெரியாமல், அவர் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. தானம் செய்வதற்கே உரிமையில்லை என்றால் வீணாக்குவதற்கு உரிமை எங்கிருந்து வரும்?

வேண்டுமட்டும் உண்ணும் உணவகத்தில் நாம் செலுத்தும் காசு இத்தகைய அனுமதியையே வாங்கித் தருகிறது. பசியாறும் மட்டும் உண்ணலாம் என்பதுதான் உடன்பாடு. மேசையில் உள்ளதெல்லாம் நம்முடையது என்பதன்று. ஆகவே மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது உடன்பாட்டை மீறுவதாகும். தின்ன முடியாததைத் தட்டில் குவித்து எறிவதும் அதே மீறல்தான். ‘என் காசு, என் இஷ்டம்’ என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. காசு நம்முடையதாக இருந்தது. தட்டு நம்முடையதாக ஆகவில்லை. அது நம்மிடம் இருந்தது ஓர் அமானிதமாகவே.

2011இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒரு வழக்கு இதனை விளக்கும். 28 டாலர் கட்டணத்தில் வேண்டுமட்டும் சுஷி தரும் கடைக்கு ஒருவர் சென்றார். மீனை மட்டும் தின்று சோற்றை ஒதுக்கி வைத்தார். சோறும் சேர்ந்ததுதான் சுஷி, அதையும் உண்ணவேண்டும் என்றார் கடைக்காரர். தமக்கு நீரிழிவு நோய் என்று காரணம் கூறிய வாடிக்கையாளர் வழக்குத் தொடுத்தார். நோயாளிக்குச் சோறு ஆகாதிருக்கலாம். அவர்பால் நமக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் சுஷி என்னும் பெயரே அந்தப் புளித்த சோற்றைக் குறித்து வந்தது என்பதை நினைவிற்கொண்டால் கடைக்காரரின் வருத்தமும் விளங்கும். ‘எனக்கு இன்னது ஆகாது, இவ்வாறு உண்ணலாமா?’ என்று அமருமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ‘இன்னின்னது எங்கள் நிபந்தனை’ என்று இவர் முன்னரே சொல்லியிருந்தால், வழக்குமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை. நிபந்தனையைத் தெளிவாகச் சொல்வது விற்பவரின் கடமை. அதைக் கேட்டறிந்து மதிப்பது வாங்குபவரின் கடமை.

‘விடுதிக்காரருக்கு இதில் நட்டமா வந்துவிடும்?’ என்று சிலர் வாதிடுவர். குறைவாக உண்பவரையும் மிகுதியாக உண்பவரையும், எறியப்படுவதையும் சேர்த்துக் கணக்கிட்டே அவர் விலை வைக்கிறார் என்பது உண்மைதான். அப்படியானால் நாம் எறிந்த துண்டின் விலையை யார் கொடுக்கிறார்கள்? பக்கத்து மேசையில் குறைவாக உண்டு எழுந்துபோகும் முதியவரும் பெண்மணியும் கொடுக்கிறார்கள். பலர் சேர்ந்து பேரீச்சம்பழம் உண்ணும்போது, உடனிருப்பவரின் சம்மதமின்றி இரண்டிரண்டாக எடுப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பொது உணவில் அடுத்தவரின் பங்கை நினைத்துப் பார்க்கவேண்டும் என்னும் பாடம் இதில் இருக்கிறது.

‘கொடுத்த காசுக்கு உண்டு தீர்க்க வேண்டும்’ என்று பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் மூச்சுமுட்ட உண்போரும் உளர். மனிதன் நிரப்பும் பாத்திரங்களுள் வயிற்றைவிடக் கெட்டது எதுவுமில்லை என்பதும், மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பதும் நபிமொழியின் கருத்து. காசு போய்விட்டது, அதனை வயிற்றுக்குள் திணித்துத் திரும்பப் பெற முடியாது. பெறுவது செரிமானக் கோளாறும் மருத்துவச் செலவுமே. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் பொருள்பட அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அனுமதியும் எல்லையும் அங்கே ஒருசேரவே வருகின்றன. அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லையை விட்டுவிடுவது முறையாகுமா?

2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் உணவகங்கள் முதலியவற்றின் பங்கு நூற்றுக்கு 28. வீடுகளின் பங்கு நூற்றுக்கு 60. ஆகவே பெருநகரத்து உணவகத்தை மட்டும் பழித்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

நம் நிக்காஹ் விருந்துகளைப் பாருங்கள். மண்டபங்களில் இப்போது பஃபே முறை புகுந்துவிட்டது. கடற்கரையூர்களில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. அதில் ஒருவர் மிச்சம் வைத்தால் மற்றவர் கண்ணில் படும், வெட்கம் வரும். பஃபேயில் அவரவர் தட்டு, அவரவர் மூலை. முதலில் வரிசையில் நின்ற ஆண்கள் இறைச்சியைக் குவித்துக்கொண்டு பாதியைத் தொட்டியில் போட்டுச் செல்கிறார்கள். கடைசியில் வரும் பெண்களுக்கும், அடுப்படியில் நின்ற சமையலாட்களுக்கும், பாத்திரம் கழுவும் ஏழைகளுக்கும் வெறும் சோறும் அடிக்குழம்பும் மிஞ்சுகின்றன. உணவகத்தில் நாம் எறிந்தது யாருடைய பங்கு என்று தெரியாதிருக்கலாம். இங்கே தெரியும். அது நம் சகோதரியின் பங்கு. நம் அண்டை வீட்டாரின் பங்கு. விருந்துக்கு வந்தவருக்கு இபாஹத்தாக வைக்கப்பட்டதை வீணாக்கினால், அழைத்தவரின் உரிமையையும் பசித்திருந்தவரின் உரிமையையும் ஒருசேரப் பறித்தவர்களாகிறோம்.

ஆகவே அன்பர்களே! பெருநகரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். ஹலாலை விசாரித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தாராளமாகச் சென்று உண்ணுங்கள். முதல்முறை குறைவாக எடுங்கள். தேவைப்பட்டால் மறுமுறை எடுங்கள், அதற்குத்தானே ‘வேண்டுமட்டும்’ என்றிருக்கிறார்கள்? பழக்கமில்லாத பண்டத்தை ஒன்றாக வாங்கி நால்வரும் சுவைத்துப் பாருங்கள். எடுத்ததை முடியுங்கள், தட்டை வழித்து உண்பது நம் நபிகளாரின் சுன்னத், அதில் இழிவு ஏதுமில்லை.

ஊரிலுள்ள பெற்றோர்க்குச் சொல்வது: விருந்து வைக்கும்போது பெண்களின் உணவையும் ஊழியர்களின் உணவையும் முதலிலேயே தனியே எடுத்துவையுங்கள். குழந்தையின் தட்டில் அது கேட்குமுன் குவிக்காதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மண்டபத்தில் மிஞ்சும் தூய உணவை, அழைத்தவரின் சம்மதம் பெற்று, அன்றே தேவையுள்ளோரிடம் சேர்க்க ஆட்களை அமர்த்துங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்கு அளித்த உணவில் பரக்கத்தையும், அதனை உண்ணும் கையில் அடக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.